யோசித்தவர் யார்? உரிமை யாருக்கு?

வட்டையில் உழவு தொடங்கிவிட்டால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை காதில் விழுவது லேண்ட்மாஸ்டரின் சத்தம்தான். இரு சக்கரக் கை உழவு இயந்திரம் எந்த நாட்டில் செய்யப்பட்டிருந்தாலும் நம்மவர்களுக்கு அது லேண்ட்மாஸ்டர். உண்மையில் லேண்ட்மாஸ்டர் என்பது இங்கிலாந்துக் கம்பனி ஒன்றின் பெயர். 1950களில் அந்தக் கம்பனி உலகச் சந்தைக்குக் கொண்டுபோன இரு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர் ரே விஜேவர்தன என்ற இலங்கையர். பொறியியலாளர், விமானி, விவசாயி, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். 2010 இல் காலமானார். கம்பனியின் பெயர் நம் நாவில் தங்கிவிட்டது. யோசித்தவரின் பெயரைச் சொன்னால் "அது யார்?" என்று கேட்கிறோம்.

ரே விஜேவர்தன வசதியான குடும்பத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். ஊர் அவரது பெயரை மறந்ததால் அவருக்குப் பெரிய நட்டம் எதுவும் இல்லை. ஆனால் கம்பனியும் இல்லாமல், ஆய்வுகூடமும் இல்லாமல், சட்டத்தரணியைக் கூலிக்கு வைக்கப் பணமும் இல்லாமல், வீட்டு முற்றத்திலும் தறிக்குழியிலும் சைக்கிள் கடையிலும் நின்று புதிதாக ஒன்றைச் செய்பவருக்கு அப்படியல்ல. அவரிடம் இருக்கும் ஒரே முதல் அவரது யோசனைதான். அதுவும் போனால் அவரிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

புலமைச் சொத்தைப் பாதுகாப்பது பெரிய கம்பனிகளின் வேலை, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தலைகீழான எண்ணம் என்பதே என் கருத்து. பெரியவனுக்குப் பணம் காவல், பெயர் காவல், ஆள்பலம் காவல். தனித்து நிற்கும் கண்டுபிடிப்பாளனுக்குச் சட்டம் ஒன்றே காவல். அதை நாம் அறியாமல் இருப்பது, கதவுள்ள வீட்டில் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதைப் போன்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்கென 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. கொழும்பு 10 இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் அதை நடைமுறைப்படுத்துகிறது. கதை, கவிதை, ஓவியம், பாடல் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை. அதற்கு விண்ணப்பம் தேவையில்லை; எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடும், எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நிற்கும். இந்தச் சஞ்சிகையில் எழுதும் நாம் ஒவ்வொருவரும் அந்த வகையில் ஏற்கெனவே சொத்துக்காரிகள்தான்! ஒரு பொருளின் தோற்றத்துக்கு, அதாவது கோலம், கரை, வடிவம் என்பவற்றுக்குக் கைத்தொழில் வடிவமைப்புப் பதிவு. அது 5 ஆண்டுகள். இரு தடவை புதுப்பித்து 15 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். புதிய இயந்திரம், புதிய செய்முறை என்பவற்றுக்கு ஆக்கவுரிமை. பேட்டண்ட் என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான். அதன் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

மனதில் தோன்றிய வெறும் எண்ணத்துக்கு ஆக்கவுரிமை கிடைக்காது. அது உலகில் எங்கும் முன்பு இல்லாததாக இருக்க வேண்டும். அத்துறை தெரிந்த எவரும் எளிதில் எட்டிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. செய்து பயன்படுத்தத் தக்கதாகவும் இருக்க வேண்டும். நாம் இரசாயனவியலில் படிக்கும் விதிகளுக்கோ கணிதச் சூத்திரங்களுக்கோ எவரும் உரிமை கோர முடியாது. அவை எல்லோருக்கும் பொது.

கொடுப்பது வேறு, எடுக்கப்படுவது வேறு

மருதமுனையின் கைத்தறியைப் பற்றி நான் இங்கு புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மருதமுனைச் சாரன், மருதமுனைச் சேலை என்றால் கொழும்பிலும் கேட்டு வாங்குவார்கள். 2004 சுனாமி இந்தக் கரையோரத்தை அழித்தபோது தறிகளும் கடலோடு போயின. மீண்டும் தறி நாட்டி நெய்யத் தொடங்கியவர்கள் நம்மவர்கள்.

எங்கள் சாச்சியும் தறி வைத்திருப்பவர். கரைவலையின் கண்ணிகளைப் பார்த்துப் பார்த்து, கொப்பிப் பேப்பரில் கட்டம் கட்டமாகக் கீறி, ஒரு சேலைக் கரையை உண்டாக்கினார். பாவில் எத்தனை இழை எந்த நிறம் என்று கணக்குப் பார்க்கவே பல இரவுகள் போயின. இரண்டு சேலைகளை நெய்து மாதிரிக்காக வெளியூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். ஓடர் வரவில்லை. அடுத்த பெருநாளைக்கு அதே கரை அச்சடிக்கப்பட்ட இயந்திரத் துணி பாதி விலைக்கும் குறைவாகக் கடைகளில் தொங்கியது. சாச்சி கோபப்படவில்லை. "நம்மட கைவேல நல்லா இருந்ததாலதானே எடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தறியில் இறங்கிவிட்டார்.

சாச்சியின் பெரிய மனதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. அவர் அந்தக் கரையை எவருக்கும் கொடுக்கவில்லை. அது எடுக்கப்பட்டது. கொடுப்பவருக்குக் கொடுத்த நன்மை உண்டு, நன்றி உண்டு, பெயர் உண்டு. எடுக்கப்பட்டவருக்கு இந்த மூன்றில் எது உண்டு? ஒரு பொருளைத் தானம் செய்வதென்றாலும் முதலில் அது நம் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

இதை நடைமுறையில் காட்டியவர் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம். அவரது பெற்றோரும் கைத்தறி நெசவாளர்களே. தந்தை விபத்தில் இறந்துபோக 14 வயதில் பாடசாலையை விட்டு வேலைக்குப் போனவர். கடையில் விற்கும் சுகாதாரத் துவாயின் விலை தன் வீட்டுப் பெண்களுக்கே எட்டவில்லை என்பதைக் கண்டு, மலிவாக அதைச் செய்யும் வழியைத் தேடத் தொடங்கினார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. வீட்டாரும் சில காலம் பிரிந்து போனார்கள். பஞ்சு என்று அவர் நினைத்தது உண்மையில் மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் நார் என்பதைக் கண்டுபிடிக்கவே ஆண்டுகள் பிடித்தன. வெளிநாட்டு இயந்திரங்களின் விலை கோடிக்கணக்கில் இருக்க, பெண்கள் தாங்களே இயக்கக்கூடிய ஒரு சிறு இயந்திரத்தைச் சில பத்தாயிரம் இந்திய ரூபாய்ச் செலவில் செய்து காட்டினார்.

அதன்பின் அவர் செய்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. அவர் ஆக்கவுரிமை பெற்றார். பெரிய கம்பனிகளுக்கு அதை விற்றுக் கோடீஸ்வரராகியிருக்கலாம். விற்கவில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கே இயந்திரங்களைக் கொடுத்தார். அவர்கள் தாமே தயாரித்து, தாமே பெயர் வைத்து, தம் ஊரிலேயே விற்றார்கள். 2016 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2018 இல் அவரது கதை திரைப்படமாகவும் வந்தது.

ஏழைப் பெண்களுக்கு உதவ வந்தவருக்கு ஆக்கவுரிமை எதற்கு என்று கேட்கலாம். உரிமை அவர் கையில் இருந்ததால்தான் அந்த இயந்திரம் யாரிடம் போக வேண்டும், யாரிடம் போகக் கூடாது என்பதை அவரால் தீர்மானிக்க முடிந்தது. அதைப் பதியாமல் சந்தையில் விட்டிருந்தால், பெண்கள் குழுக்களுக்கு முன்பாகப் பணமுள்ள எவரும் அதைத் தமதாக்கியிருக்கக் கூடும். உரிமை என்பது கையை மூடிக்கொள்வது மட்டுமல்ல. எவருக்குக் கையைத் திறப்பது என்று தீர்மானிப்பதும் உரிமைதான்.

அறிவை மறைக்கலாமா?

இந்த இடத்தில் நம் வகுப்பில் எப்போதும் எழும் கேள்வி ஒன்று உண்டு. கல்வியை மறைப்பது பாவம் என்று படித்திருக்கிறோமே, அப்படியானால் கண்டுபிடிப்புக்கு உரிமை கோருவது சரியா?

நல்ல கேள்வி. ஆனால் ஆக்கவுரிமையை மறைத்தல் என்று நினைப்பதிலிருந்து பிறக்கும் கேள்வி. ஆக்கவுரிமை கேட்பவர் தம் கண்டுபிடிப்பைப் படத்துடன், அத்துறை தெரிந்த இன்னொருவர் வாசித்துச் செய்யக்கூடிய அளவுக்கு, எழுத்தில் விபரித்துக் கொடுக்க வேண்டும். அது வெளியிடப்படும். எவரும் வாசிக்கலாம், படிக்கலாம், அதிலிருந்து இன்னும் நல்லதொன்றை யோசிக்கலாம். அதற்குப் பிரதியுபகாரமாக ஒரு குறித்த காலத்துக்கு அதைத் தயாரித்து விற்கும் உரிமையைச் சட்டம் அவருக்குக் கொடுக்கிறது. காலம் முடிந்ததும் அது முழு உலகுக்கும் சொந்தம். இந்த ஒப்பந்தம் நேற்று வந்ததல்ல. இத்தாலியின் வெனிஸ் நகரம் 1474 இலேயே புதிய கருவி செய்பவருக்கு 10 ஆண்டுப் பாதுகாப்புக் கொடுக்கும் சட்டத்தை இயற்றியது.

பாதுகாப்பு இல்லாத இடத்தில்தான் அறிவு மறைக்கப்படுகிறது. சாயம் காய்ச்சும் பக்குவத்தை மகனுக்கு மட்டும் சொல்லி மற்றவர்களுக்குச் சொல்லாமல் போனவர்கள், களவு போய்விடும் என்ற பயத்தில்தான் அப்படிச் செய்தார்கள். மகன் கற்காவிட்டால் பக்குவம் அவரோடு மண்ணுக்குள் போய்விடும்.

1206 இல் தம் நூலை எழுதி முடித்த அல்-ஜஸரியை நினைத்துப் பாருங்கள். நீர் இறைக்கும் பொறிகளையும் யானைக் கடிகாரத்தையும் படம் வரைந்து, எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியாக எழுதிவைத்தார். முன்னோர் செய்தவற்றை முன்னோர் செய்தவை என்றே குறிப்பிட்டார். அதனால்தான் எண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பொறிகளோடு அவர் பெயரும் சேர்ந்தே வருகிறது.

மார்க்க அறிஞர்களும் இதைப் பேசாமல் விடவில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, எழுத்தாளரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் ஷரீஆவில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்தது. உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தில், மூளையின் வியர்வைக்கு மட்டும் கூலி இல்லாமல் போகுமா?

திகதியின் பெறுமதி

பாடசாலை மாணவர் எவரும் அறிந்திருக்க வேண்டிய கதை அமெரிக்காவின் ஃபைலோ ஃபார்ன்ஸ்வர்த்தின் கதை. 1906 இல் பிறந்த விவசாயியின் மகன். 14 வயதில், உழுத வயலின் வரிகளைப் பார்த்தபோது, ஒரு படத்தையும் இப்படி வரி வரியாகப் பிரித்து மின்னால் அனுப்பலாமே என்று அவருக்குத் தோன்றியதாம். 1922 இல் அந்த யோசனையைத் தம் இரசாயனவியல் ஆசிரியர் ஜஸ்டின் டொல்மனுக்குக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். 1927 ஜனவரி 7 ஆம் திகதி ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் ஆய்வுகூடத்தில் ஒரு கோட்டின் உருவத்தை மின்னணு முறையில் அனுப்பிக் காட்டினார். இன்றைய தொலைக்காட்சியின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று.

அப்போது வானொலித் துறையையே கையில் வைத்திருந்த ஆர்.சி.ஏ. என்ற பெருங்கம்பனி, தன்னுடைய பொறியியலாளரே முதலில் கண்டுபிடித்தார் என்று வாதாடியது. 1930களில் ஆக்கவுரிமை அலுவலகத்தில் நடந்த அந்த வழக்கில் டொல்மன் ஆசிரியர் வந்து, தம் மாணவன் அன்று வரைந்ததைச் சாட்சியமாகச் சொன்னார். வாசிக்கும்போது கண் கலங்கும் இடம் அது. ஆயினும் ஃபார்ன்ஸ்வர்த்தைக் கடைசிவரை உறுதியாகத் தாங்கி நின்றது 1927 ஜனவரி 7 என்ற அந்த எழுத்துப் பதிவுதான். அவர் வென்றார். 1939 இல் ஆர்.சி.ஏ. பத்து இலட்சம் டொலர் கொடுத்து அவரிடம் உரிமம் பெற்றது. மற்றவர்களிடம் உரிமத்துக்குப் பணம் வாங்கியே பழகிய கம்பனி, ஒரு விவசாயியின் மகனுக்குப் பணம் கொடுத்தது.

நம் நாட்டுச் சட்டத்திலும் ஒரே கண்டுபிடிப்பை இருவர் தனித்தனியே செய்திருந்தால் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. ஒருவர் மற்றவரின் கண்டுபிடிப்பை எடுத்துத் தன்னுடையதென்று விண்ணப்பித்திருந்தால், உண்மையான கண்டுபிடிப்பாளர் நீதிமன்றம் சென்று மீட்க வழியுண்டு. ஆனால் அங்கு கேட்கப்படும் முதல் கேள்வி "உங்களிடம் என்ன ஆதாரம்?" என்பதுதான். அதற்கு "நான்தான் யோசித்தேன், உம்மாவுக்குத் தெரியும்" என்பது போதாது. திகதியும் கையொப்பமும் வேண்டும்.

பெண்ணின் பெயர் எங்கே?

இது பெண்கள் கல்லூரியின் சஞ்சிகை என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். 1715 இல் இங்கிலாந்து மன்னர் சோளம் அரைக்கும் புதிய முறை ஒன்றுக்கு உரிமை வழங்கினார். கண்டுபிடித்தவர் அமெரிக்கக் குடியேற்றத்தைச் சேர்ந்த சிபிலா மாஸ்டர்ஸ் என்ற பெண். உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டதோ அவரது கணவர் தோமஸின் பெயருக்கு. மனைவி கண்டுபிடித்தது என்று அதிலேயே எழுதியிருந்தும் உரிமை கணவனுக்குத்தான். 1809 இல் மேரி கீஸ் என்ற பெண் தம் சொந்தப் பெயரிலேயே அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். எதற்குத் தெரியுமா? தொப்பி செய்வதற்காக வைக்கோலோடு பட்டு நூலைச் சேர்த்துப் பின்னும் முறைக்கு. நம் ஊர்ப் பெண்கள் பன்னைச் சாயமிட்டுப் பாய் இழைப்பதற்கு மிக நெருங்கிய வேலை அது.

இன்று சட்டம் நம் பெயரைத் தடுக்கவில்லை. நாமே தடுத்துக்கொள்கிறோம். வாப்பா செய்த இறைப்புப் பொறி கண்டுபிடிப்பு. உம்மா செய்த இடியப்ப உரல் கைப்பக்குவம். காக்கா வரைந்தால் டிசைன். ராத்தா வரைந்தால் பொழுதுபோக்கு. தறியில் புதுக் கோலம் போடுபவள், பாயில் புது இழைப்பை உண்டாக்குபவள், உள்ளங்கையில் எவரும் போடாத மருதோன்றிக் கோலத்தை வரைபவள், இவர்கள் எவரும் தங்களைக் கண்டுபிடிப்பாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. சொல்லிக்கொள்ளாத உரிமையை எந்த அலுவலகமும் வீடு தேடி வந்து கொடுக்காது.

ஊருக்குச் சொந்தமானது

ஒருவர் யோசித்தது ஒருவருக்கு என்றால், பரம்பரை பரம்பரையாக ஓர் ஊரே சேர்ந்து வளர்த்தது யாருக்கு? மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று நம் மூத்தம்மாமார் எல்லோருக்கும் தெரியும். 1995 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மருத்துவ மையம் அதற்கே ஆக்கவுரிமை பெற்றுவிட்டது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய சமஸ்கிருத நூலையும், 1953 இல் வெளியான மருத்துவச் சஞ்சிகைக் கட்டுரையையும், வேறு பல ஆவணங்களையும் முன்வைத்து எதிர்த்தது. 1997 இல் அந்த உரிமை இரத்தானது. வெல்லக் காரணம் "எங்களுக்குக் காலங்காலமாகத் தெரியும்" என்ற பேச்சு அல்ல. எழுத்தில் இருந்த ஆதாரம். அதன்பின் இந்தியா தன் பாரம்பரிய மருத்துவ அறிவைத் தொகுத்து வைத்திருக்கும் மின்நூலகத்தில் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் இடம்பெற்றிருக்கின்றன. நம் கரையோரத்துக் கைவைத்தியங்களை எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

ஊரின் பெயருக்கும் பாதுகாப்பு உண்டு. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் கோரைப் பாய்க்கு இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊரில் நெய்த பாயைப் பத்தமடைப் பாய் என்று விற்க முடியாது. நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் புவிசார் குறியீடுகளுக்கான பதிவேட்டுக்கு வழிசெய்தது. அதே ஆண்டில் இலங்கைக் கறுவாவை ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடாக ஏற்றது. கறுவாவுக்கு முடிந்தது மருதமுனைக் கைத்தறிக்கும் முடிய வேண்டும். நெசவாளர் சங்கங்கள் இதைக் கையில் எடுத்தால், எங்கோ அச்சடித்த துணியில் மருதமுனை என்ற பெயரை எவரும் இலேசில் ஒட்ட முடியாது.

காகிதம் மட்டும் போதுமா?

"ஆக்கவுரிமை எடுத்தாலும் வழக்குப் பேச ஏழைக்கு வசதி ஏது?" என்பது மறுப்பவர்களின் வலுவான வாதம். இதை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. மழை தூறும்போது கார்க் கண்ணாடித் துடைப்பான் விட்டு விட்டு இயங்குகிறதே, அதற்கான சுற்றை அமைத்து 1960களில் ஆக்கவுரிமை பெற்றவர் ரொபர்ட் கேர்ன்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். ஃபோர்ட் கம்பனிக்கு அதைக் காட்டினார். கம்பனி அவரைக் கைவிட்டது. ஆனால் அப்படிப்பட்ட துடைப்பானோடு கார்கள் வந்தன. 1978 இல் வழக்குப் போட்டார். 1990 இல்தான் ஒரு கோடி டொலருக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. அதற்குள் அவரது உடல்நலம் கெட்டது, குடும்பம் சிதறியது.

கேர்ன்ஸின் கதையை "ஆகவே உரிமை வீண்" என்று வாசிக்கலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. அந்தக் காகிதமும் இல்லாதிருந்தால் அவருக்கு 12 ஆண்டுப் போராட்டம்கூட இருந்திருக்காது. போராட எதுவுமே இருந்திருக்காது. காகிதம் மட்டும் போதாது என்பது உண்மை. அதனால்தான் தனி ஆள் தனியாகவே நிற்க விடப்படக் கூடாது என்கிறேன். 1979 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கைக் கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழு இருப்பது இதற்காகத்தான். ஆனால் ஆணைக்குழுவும் கொழும்பில், புலமைச் சொத்து அலுவலகமும் கொழும்பில். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் போய், வேறு மொழியில் விளக்கம் கேட்டு வர எத்தனை நெசவாளர்களால் முடியும்? எத்தனை பெண்களால் முடியும்?

ஆகவே என் கோரிக்கைகள் இவை. கல்முனைப் பிரதேச செயலகத்தில் மாதம் ஒரு நாளாவது இதற்கான தமிழ்மொழி ஆலோசனை நடைபெற வேண்டும். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் தொழினுட்பப் பீடமும் இருக்கின்றன. அங்குள்ளவர்கள் ஊர்க் கண்டுபிடிப்பாளருக்குப் படம் வரைந்து விபரம் எழுதிக் கொடுக்க முன்வந்தால், விண்ணப்பத்தின் கடினமான பாதி முடிந்துவிடும்.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்காமல் நம் கல்லூரியிலேயே செய்யக்கூடியவையும் உண்டு. விஞ்ஞானக் கண்காட்சி வருகிறது என்றால் நாம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, வருபவர் எல்லோருக்கும் உள்ளே இருப்பதைத் திறந்து காட்டுகிறோம். கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் போகிறார்கள். ஆனால் பகிரங்கமாக வெளியிட்டது புதியது அல்ல என்பதே பொது விதி. நம் நாட்டுச் சட்டம் கண்டுபிடிப்பாளர் தாமே வெளியிட்டிருந்தால் ஓர் ஆண்டு அவகாசம் தருகிறது. எல்லா நாடுகளும் அப்படித் தருவதில்லை. எனவே கண்காட்சிக்கு முன் ஒவ்வொரு மாணவியிடமும் "இதில் புதியது எது? அதைக் காட்டலாமா, பொறுக்கலாமா?" என்று கேட்கும் வழக்கம் வர வேண்டும்.

தொழினுட்பப் பிரிவிலும் விஞ்ஞானப் பிரிவிலும் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கண்டுபிடிப்புக் கொப்பி வேண்டும். பக்கங்களுக்கு இலக்கமிட வேண்டும். பென்சிலால் அல்ல, பேனையால் எழுத வேண்டும். சரிவந்ததை மட்டுமல்ல, சரிவராததையும் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை ஆசிரியை வாசித்துத் திகதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். அந்தக் கொப்பி ஆக்கவுரிமை ஆகாது. ஆனால் ஆதாரம் ஆகும். செலவு ஒரு கொப்பியின் விலை. இதைத் தொடங்க நாள் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் 26 இருக்கிறது. உலகப் புலமைச் சொத்து நாள் அது.

நாமும் பிறருடையதை மதிக்கப் பழக வேண்டும். இணையத்திலிருந்து அப்படியே எடுத்த கவிதைக்குக் கீழே தன் பெயரைப் போட்டுப் போட்டிக்கு அனுப்புபவர், தன் கோலம் களவு போயிற்று என்று எந்த முகத்தோடு சொல்வார்? செயற்றிட்ட அறிக்கையில் யாருடைய யோசனை எது என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியில்தான் இந்த நாகரிகம் தொடங்குகிறது.

சகோதரிகளே, நம் ஊர் யோசிக்கத் தெரியாத ஊர் அல்ல. கடல் கொண்டுபோன தறியை மறுபடி நாட்டிய ஊர் இது. யோசித்ததை எழுதுவோம். எழுதியதில் திகதி இடுவோம். திகதியின் கீழ் நம் சொந்தப் பெயரை, முழுப் பெயராக, வெட்கப்படாமல் எழுதுவோம். அதன்பின் அதை விற்பதா, ஊருக்கு இலவசமாகக் கொடுப்பதா என்பதை நாமே தீர்மானிப்போம்.